வெற்றுக் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம்: ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருளின் டேட்டா டேபிள்களைத் திருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கோயம்புத்தூரில் ஒரு சிறு மென்பொருள் அணி. மளிகை, வீட்டு உபயோகப் பொருள்களை மொத்தமாக விற்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கான பில்லிங் மென்பொருளை உருவாக்கிப் பராமரிப்பது அவர்கள் வேலை. நான்கு டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள், தயாரிப்புப் பொறுப்பாளராக ஓர் அம்மா. அவர் முன்பு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். ஜிஎஸ்டி சட்டத்தில் எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்வார். அணியின் டெஸ்ட்களைச் சீர்படுத்த உதவும்படி வேறொரு அணியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. டெஸ்ட்கள் குக்கம்பரில் இருந்தன. குக்கம்பர் 2008-ல் வந்த கருவி. கெர்கின் என்ற எளிய நடையில் "இது இருக்கும்போது, இதைச் செய்தால், இது நடக்க வேண்டும்" என்று எழுதினால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் உள்ள கோடை அது ஓட்டிப் பார்க்கும். இப்படி எழுதும் ஓர் உதாரணத்துக்குக் காட்சி என்றும், அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஸ்டெப் என்றும், காட்சிகளை எழுதிவைக்கும் கோப்புக்கு ஃபீச்சர் ஃபைல் என்றும் பெயர். வியாபாரம் தெரிந்தவரும் கோட் எழுதுபவரும் ஒரே உதாரணத்தை வைத்துப் பேச வேண்டும் என்பதுதான் இந்த முறையின் நோக்கம்.

கெர்கினில் அட்டவணை இரண்டு இடங்களில் வரும், இரண்டுக்கும் வேலை வேறு. ஒரு ஸ்டெப்புக்குக் கீழே வருவது டேட்டா டேபிள். அந்த முழு அட்டவணையும் அந்த ஒரு ஸ்டெப்புக்கே போய்ச் சேரும், ஸ்டெப் ஒரே முறைதான் ஓடும். இன்னொன்று காட்சி வார்ப்புருவின் (மதிப்புகளுக்கு இடம் விட்டு எழுதிய காட்சி) அடியில் வரும் எடுத்துக்காட்டுகள் அட்டவணை. அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு தனிக் காட்சியாக, பின்னணி ஸ்டெப்கள் (எல்லாக் காட்சிக்கும் முன்னால் ஓடும் பொது ஸ்டெப்கள்) உட்பட முதலிலிருந்து ஓடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் புதிதாக வருபவர்கள் குழம்புவது சகஜம்.

அட்டவணையாக டெஸ்ட் எழுதும் பழக்கம் குக்கம்பருக்கு முந்தியது. வார்ட் கன்னிங்ஹாம் 2002-ல் வெளியிட்ட ஃபிட் என்ற கருவி முழுக்க முழுக்க அட்டவணைகளை நம்பியே இருந்தது. கணக்கு சம்பந்தப்பட்ட மென்பொருளில் அதற்கு நல்ல காரணமும் உண்டு. கணக்குப் பார்ப்பவர்கள் எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார்கள். இந்த அணியிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. பொறுப்பாளர் எக்ஸெலில் மாதிரி பில்களைத் தயார் செய்து கொடுத்தார், டெஸ்டர்கள் அதை அப்படியே ஃபீச்சர் ஃபைலில் ஒட்டினார்கள். முதல் சில மாதங்களுக்கு அது சரியான முடிவு என்றே சொல்வேன். அவரே ஃபைலைத் திறந்து படித்து "இந்த பில் தப்பு" என்று சொல்ல முடிந்தது.

அதன் பிறகு புதுக் காட்சி தேவைப்பட்டபோதெல்லாம் பழைய அட்டவணையை நகலெடுத்து, இரண்டு நெடுவரிசை கூட்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பெரும்பாலான காட்சிகளில் இருந்தது பத்தொன்பது நெடுவரிசை கொண்ட அட்டவணை. திரையில் பக்கவாட்டில் நகர்த்தாமல் அதைப் படிக்க முடியாது. பொறுப்பாளர் படிப்பதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

## ஆகஸ்ட் 2025: ஒரு சோதனை ஓட்டம்

2025 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தின உரையில் பிரதமர் தீபாவளிக்குள் ஜிஎஸ்டி சீர்திருத்தம் வரும் என்று அறிவித்தார். 12, 28 சதவீத அடுக்குகள் போய்விடும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர்களிடமிருந்து போன் வரத் தொடங்கியது. அணிக்கு முன்னால் இருந்த கேள்வி இதுதான்: விகிதம் மாறினால் நம் டெஸ்ட்களில் எவை உடையும்?

ஊகிப்பதைவிட ஓட்டிப் பார்ப்பது மேல் என்று கோடின் தனிக் கிளையில் (மூலத்தைத் தொடாத ஒரு நகல்) நெய்யின் விகிதத்தை மட்டும் 12-லிருந்து 5-க்கு மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை.

முக்கால்வாசிக் காட்சிகள் சிவப்பாயின, அதாவது தோற்றன. வரிக் கணக்கைச் சோதிக்கும் காட்சிகள் உடைவது நியாயம். ஆனால் பில்லில் முகவரி அச்சாவது, கடன் வரம்பு தாண்டினால் எச்சரிப்பது, பில் எண் வரிசையாக வருவது எல்லாமே உடைந்தன. காரணத்தைக் காட்ட அவற்றில் ஒன்றைச் சுருக்கித் தருகிறேன். அணியின் ஃபைல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கெர்கின் தமிழ்ச் சொற்களையும் ஏற்கும் என்பதால் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். எச்எஸ்என் என்பது பொருளின் வகையைக் காட்டும் குறியீடு, 0405-ல் நெய் அடங்கும். உள்மாநில விற்பனையில் வரி மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப்பாதியாகப் பிரியும், வெளிமாநில விற்பனையில் முழுவதும் ஐஜிஎஸ்டி. மாநிலக் குறியீடு 33 தமிழ்நாடு, 32 கேரளா.

```
காட்சி: பில்லில் வாடிக்கையாளர் முகவரி அச்சாகும்
  கொடுக்கப்பட்ட கீழ்க்கண்ட பில்கள்
    | எண்  | மாநிலம் | எச்எஸ்என் | விகிதம் | தொகை    | சிஜிஎஸ்டி | எஸ்ஜிஎஸ்டி | ஐஜிஎஸ்டி | ...
    | 101 | 33     | 0405     | 12    | 1000.00 | 60.00   | 60.00    |        | ...
    | 102 | 32     | 0405     | 12    | 1000.00 |         |          | 120.00 | ...
  எப்போது பில்களை அச்சிடுகிறேன்
  அப்பொழுது எல்லா விவரமும் சரியாக இருக்க வேண்டும்
```

முகவரியைச் சோதிக்கும் காட்சிக்கு எச்எஸ்என் குறியீடும் வரி விகிதமும் எதற்கு? யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை, நகலெடுத்ததில் கூடவே வந்துவிட்டன. கடைசி ஸ்டெப்பைப் பாருங்கள். "எல்லா விவரமும் சரியாக" என்ற ஒரே வாக்கியத்தின் பின்னால் பத்தொன்பது நெடுவரிசையையும் சரிபார்க்கும் ஒரு பொதுவான கோட் இருந்தது. தலைப்பு முகவரி என்கிறது, சோதனையோ எல்லாவற்றையும் தொடுகிறது. இப்படிப்பட்ட காட்சி உடைந்தால் என்ன உடைந்தது என்று அதன் பெயரிலிருந்து தெரியாது.

## உடைய வேண்டியது உடையாதது

தேவையில்லாமல் உடைந்தவை வேலையைக் கூட்டின, அவ்வளவுதான். எங்களை நிஜமாகவே கவலைப்பட வைத்தவை உடையாமல் பச்சையாக நின்ற காட்சிகள். நெய் இருக்கும் காட்சிகளில் சில, விகிதத்தை மாற்றிய பிறகும் அசையவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தபோது மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, தேடும் விதம். எதிர்பார்க்கும் அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் பொருத்தமான வரிசை பில்லில் இருக்கிறதா என்று ஸ்டெப்பின் கோட் லூப் போட்டு, அதாவது ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, தேடியது. பில்லில் கூடுதலாக ஒரு வரிசை இருந்தால் அதைக் கவனிக்காது. தவிர, லூப்பில் ஏதாவது ஒரு வரிசை தோற்றால் ஸ்டெப் அங்கேயே நின்றுவிடும். பன்னிரண்டு பில் உள்ள அட்டவணையில் மூன்றாவது தவறென்றால் மீதி ஒன்பதும் சோதிக்கப்படவே இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு தோல்வி என்றுதான் வரும்.

இரண்டாவது, பைசாத் திருத்தம், அதாவது தொகையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்குவது. எதிர்பார்க்கும் தொகைகளில் கணிசமானவை மென்பொருளை ஓட்டி, அது காட்டிய எண்ணை அப்படியே அட்டவணையில் போட்டவை. அந்த எண் சரிதானா என்று யாரும் கையால் கணக்குப் போட்டதில்லை. பொறுப்பாளர் ஒரு சின்ன உதாரணத்தில் இதை எங்களுக்குக் காட்டினார். 99.90 ரூபாய் வீதம் மூன்று பொருள்கள். 5 சதவீத விகிதத்தில் சிஜிஎஸ்டி 2.5 சதவீதம். பொருள்வாரியாகக் கணக்கிட்டால் 2.4975, அதாவது 2.50, மூன்றுக்கும் 7.50. மொத்தத் தொகை 299.70-க்குச் சேர்த்துக் கணக்கிட்டால் 7.4925, அதாவது 7.49. ஒரு பைசா வித்தியாசம். இதே கணக்கை 18 சதவீதத்தில் போட்டால் இரண்டு வழியிலும் 26.97 வரும். அணியின் பைசாத் திருத்தக் காட்சிகள் எல்லாமே 18 சதவீதப் பொருள்களை வைத்து எழுதப்பட்டிருந்தன! மென்பொருளின் ஒரு பகுதி பொருள்வாரியாகவும் இன்னொரு பகுதி மொத்தமாகவும் திருத்திக்கொண்டிருந்தது அதனால்தான் வெளியே தெரியவில்லை.

மூன்றாவது காரணம்தான் இந்த ஆய்வை எழுதவே தூண்டியது.

## வெற்றுக் கட்டம்

மேலே உள்ள அட்டவணையில் 102-ஆம் பில் கேரளாவுக்குப் போனது. வெளிமாநில விற்பனை என்பதால் ஐஜிஎஸ்டி மட்டும் வரும், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி கட்டங்கள் வெறுமையாக உள்ளன. அந்த வெறுமைக்கு என்ன பொருள் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். "வெறுமையா விட்டா அங்க எதுவும் இருக்கக் கூடாதுன்னு அர்த்தம்" என்றார். எந்தக் கணக்காளரும் அப்படித்தான் சொல்வார்.

அதே கேள்வியை ஸ்டெப்பை எழுதிய டெவலப்பரிடம் கேட்டேன். "அந்த நெடுவரிசையை இந்த வரிசைக்குப் பார்க்க வேண்டாம்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குக்கம்பரின் ஜாவா வடிவம் 5-ஆம் பதிப்பிலிருந்து வெற்றுக் கட்டத்தை வெற்றுச் சரமாக (எழுத்தே இல்லாத உரை) தராமல் நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) என்றே தருகிறது. நல் வந்தால் ஒப்பிடாமல் தாண்டிப் போ என்று அவர் எழுதியிருந்தார். பத்தொன்பது நெடுவரிசையில் எல்லாவற்றையும் நிரப்ப டெஸ்டர்களுக்குச் சோம்பலாக இருந்ததால், தெரியாததை விட்டுவிட வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்துகொண்டது. அட்டவணையை வரிசைக்கு ஒரு மேப் (சாவியைச் சொன்னால் மதிப்பைத் தரும் அமைப்பு) ஆக மாற்றினால், நெடுவரிசையின் தலைப்புத்தான் சாவி. சில ஃபைல்களில் யாரோ "மொத்தம்" என்பதை "பில் மொத்தம்" என்று திருத்தியிருந்தார்கள். கோட் இன்னும் "மொத்தம்" என்றே தேடியது. அந்தச் சாவி இல்லை, நல் வரும், நல் என்றால் தாண்டிப் போ. அந்த ஃபைல்கள் அனைத்திலும் பில் மொத்தம் அதன் பிறகு ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை.

இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு நிஜமான பிழை ஒளிந்திருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் பொருள் விற்றால், அது தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தாலும் ஐஜிஎஸ்டி சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி வெளிமாநில விற்பனை. விற்பவர் எல்யூடி (வரி கட்டாமல் அனுப்புவதற்கான உறுதிமொழிக் கடிதம்) கொடுத்திருந்தால் வரியே போடாமல் பில் போடலாம். இதற்கான காட்சியில் சோப்பு 5,000 ரூபாய்க்கு விற்றதாக இருந்தது. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி மூன்று கட்டங்களும் வெறுமை. மொத்தம் 5,000.

கையால் போடும் பில்லில் மென்பொருள் சரியாக நடந்தது. ஆர்டர்களை மென்பொருளுக்குள் இறக்குமதி செய்து பில் போடும் வழியிலோ அது மாநிலக் குறியீட்டை மட்டுமே பார்த்தது. விற்பவருக்கும் 33, வாங்குபவருக்கும் 33, ஆகவே உள்மாநிலம் என்று முடிவுகட்டி 450, 450 என வரி போட்டு, மொத்தம் 5,900 என்று பில் அடித்தது. காட்சி பச்சை. மூன்று வரிக் கட்டங்களும் நல் என்பதால் தாண்டப்பட்டன, மொத்தம் தலைப்பு மாறியதால் தாண்டப்பட்டது. இதே புகார் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து சில மாதங்களுக்கு முன் வந்து, வாடிக்கையாளர் விவரத்தைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள் என்ற குறிப்போடு மூடப்பட்டிருந்தது. "டெஸ்ட் பாஸ் ஆகிறது" என்பதுதான் அப்போது காட்டிய ஆதாரம். அந்த வாடிக்கையாளரின் கணக்காளர் எத்தனை பில்லைக் கையால் திருத்தினாரோ!

## செப்டம்பர்: முடிவுகளும் காரணங்களும்

செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-ஆவது கூட்டத்தில் புது விகிதங்கள் முடிவாயின. செப்டம்பர் 22 முதல் அமல். நெய் 12-லிருந்து 5-க்கு, குளியல் சோப்பு 18-லிருந்து 5-க்கு, பாக்கெட் பன்னீர் 5-லிருந்து வரியில்லாததாக. மூன்று வாரம்கூட இல்லை.

முதலில் வந்த யோசனை, எல்லா ஃபைல்களிலும் தேடி 12-ஐ 5 ஆக மாற்றிவிடலாம் என்பது. பொறுப்பாளர் உடனே மறுத்தார். ஆகஸ்டில் விற்ற நெய் அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். பழைய விகிதம் மறைவதில்லை, தேதியோடு சேர்ந்து நிலைத்திருக்கிறது. 12-ஐ எல்லா இடத்திலும் அழித்தால் பழைய விகிதத்தைச் சோதிக்கும் ஒரே இடமும் போய்விடும்.

அடுத்த யோசனை ஒரு டெஸ்டருடையது. டேட்டா டேபிள்தான் தொல்லை, எல்லாவற்றையும் காட்சி வார்ப்புருவாக மாற்றிவிட்டால் ஒவ்வொரு வரிசையும் தனியாகத் தோற்கும் அல்லவா? இதையும் ஏற்கவில்லை. ஒரு பில்லில் உள்ள நான்கு பொருள்கள் நான்கு சூழல்கள் அல்ல, ஒரே சூழலின் உறுப்புகள். அவற்றைப் பிரித்தால் பில் என்பதே இல்லாமல் போய்விடும். கூடவே, பிரௌசர் வழியாக ஓடும் காட்சிகளில் ஒவ்வொரு வரிசைக்கும் லாகின் முதல் எல்லாம் மறுபடி நடக்கும், நேரம் தாங்காது.

கடைசியில் ஒரு கேள்வியை அளவுகோலாக வைத்தோம். அட்டவணையில் ஒரு வரிசையை எடுத்துவிட்டால் மற்ற வரிசைகளின் விடை மாறுமா? மாறும் என்றால் அவை ஒரே சூழலின் உறுப்புகள், டேட்டா டேபிள். மாறாது என்றால் ஒவ்வொன்றும் தனி உதாரணம், எடுத்துக்காட்டுகள் அட்டவணை. நெடுவரிசைக்கு வேறொரு கேள்வி: இந்த மதிப்பை மாற்றினால் இந்தக் காட்சியின் முடிவு மாறுமா? மாறாது என்றால் அதை வெளியே எடு.

விகித மாற்றத்தை இதன்படி எழுதியபோது வந்தது இது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14-ஆம் பிரிவு, விகிதம் மாறும் சமயத்தில் எந்த விகிதம் பொருந்தும் என்பதை மூன்று நிகழ்வுகளை வைத்துச் சொல்கிறது: சப்ளை ஆனது, பில் போட்டது, பணம் வந்தது.

```
காட்சி வார்ப்புரு: விகிதம் மாறும் நாளை ஒட்டிய விற்பனை
  கொடுக்கப்பட்ட 22-09-2025 முதல் 12-லிருந்து 5 சதவீதமாக மாறிய ஒரு பொருள்
  எப்போது அந்த நாளுக்கு <சப்ளை> சப்ளை, <பில்> பில், <பணம்> பணம் என நடக்கிறது
  அப்பொழுது வரி <விகிதம்> சதவீதம்

  எடுத்துக்காட்டுகள்:
    | சப்ளை | பில்  | பணம் | விகிதம் |
    | முன்   | பின் | பின்  | 5     |
    | முன்   | முன் | பின்  | 12    |
    | முன்   | பின் | முன்  | 12    |
    | பின்   | முன் | பின்  | 5     |
    | பின்   | முன் | முன்  | 12    |
    | பின்   | பின் | முன்  | 5     |
```

நான்கு நெடுவரிசை, ஆறு வரிசை. மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து விகிதம் என்பது பார்த்தவுடனே புரிகிறது. பொறுப்பாளர் இதை போனில் படம் பிடித்து வெளி ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சரக்கு விற்பனையில் முன்பணத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பரில் வந்த அறிவிப்பு இருப்பதால், பணம் வந்த தேதி உள்ள வரிசைகளை அவர் குறிப்பாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பதில் எழுத்தில் வந்த பிறகே அந்த வரிசைகளைச் சேர்த்தோம். பத்தொன்பது நெடுவரிசை அட்டவணையை எந்த ஆடிட்டருக்கும் அப்படி அனுப்பிக் கேட்டிருக்க முடியாது.

ஒரே பில்லில் பல விகிதங்கள் வரும் காட்சி டேட்டா டேபிளாகவே இருந்தது.

```
காட்சி: வெவ்வேறு விகிதப் பொருள்கள் ஒரே பில்லில்
  கொடுக்கப்பட்ட 25-09-2025 தேதியிட்ட உள்மாநில பில்லில் உள்ள பொருள்கள்
    | பொருள்           | வரிக்கு முந்தைய தொகை |
    | நெய்             | 1000.00             |
    | குளியல் சோப்பு     | 500.00              |
    | டிடர்ஜென்ட் பவுடர்  | 400.00              |
    | பாக்கெட் பன்னீர்    | 200.00              |
  எப்போது பில்லை முடிக்கிறேன்
  அப்பொழுது விகிதவாரிச் சுருக்கம் இதுவாக மட்டும் இருக்க வேண்டும்
    | விகிதம் | வரிக்கு முந்தைய தொகை | சிஜிஎஸ்டி | எஸ்ஜிஎஸ்டி | ஐஜிஎஸ்டி |
    | 0     | 200.00              | 0.00    | 0.00     | இல்லை  |
    | 5     | 1500.00             | 37.50   | 37.50    | இல்லை  |
    | 18    | 400.00              | 36.00   | 36.00    | இல்லை  |
```

லூப் போய்விட்டது. குக்கம்பரின் டேட்டா டேபிளிலேயே முழு அட்டவணையை இன்னொரு முழு அட்டவணையோடு ஒப்பிடும் வசதி இருக்கிறது. வரிசை முறை முக்கியம் என்றால் ஒரு வகை, முக்கியமில்லை என்றால் இன்னொரு வகை. பில்லில் எங்கிருந்தோ ஒரு 12 சதவீத வரிசை கூடுதலாக வந்தால் இப்போது பிடிபடும். வித்தியாசத்தை அட்டவணையாகவே காட்டுவதால் எந்த வரிசை, எந்தக் கட்டம் என்று தேட வேண்டியதில்லை.

வெற்றுக் கட்டத்துக்கு ஒரே விதி: எதிர்பார்க்கும் அட்டவணையில் வெற்றுக் கட்டமே கூடாது. இருக்கக் கூடாது என்றால் "இல்லை" என்று எழுது, பூஜ்யம் என்றால் 0.00 என்று எழுது, சோதிக்க வேண்டாம் என்றால் அந்த நெடுவரிசையையே எடுத்துவிடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் மறந்துபோகும். ஆகவே அட்டவணையின் வரிசையை ஜாவாப் பொருளாக மாற்றும் இடத்தில், தெரியாத தலைப்பு வந்தாலும் நல் வந்தாலும் உடனே பிழை எறியும்படி கோடில் வைத்தோம். அந்த மாற்றத்தை இணைத்த அன்றே சிறப்புப் பொருளாதார மண்டலப் பிழை வெளியே வந்தது. முன்பு மூடிய புகாரை மறுபடி திறந்து, இறக்குமதி வழியில் மண்டலக் குறிப்பையும் பார்க்கும்படி கோடைச் சரிசெய்தார்கள்.

வெளியே எடுத்த நெடுவரிசைகளின் மதிப்புகள் எங்கிருந்து வரும்? அதற்கு "வழக்கமான உள்மாநில வாடிக்கையாளர்", "வழக்கமான பில்" என்று பெயர் வைத்த இயல்பு மதிப்புகளை கோடில் எழுதினோம். காட்சி சொல்லாத எதையும் அது நிரப்பும்.

மூத்த டெஸ்டருக்கு ஒரு குறை இருந்தது. எல்லா எச்எஸ்என் குறியீடுகளுக்கும் விகிதம் சரியா என்று ஒரே பார்வையில் பார்க்கும் நீண்ட அட்டவணை போய்விடுகிறதே என்றார். அவர் கேட்டது நியாயம், அந்தச் சோதனை வேண்டும். ஆனால் அது யாரும் உட்கார்ந்து விவாதிக்கும் உதாரணம் அல்ல, ஒரு பட்டியலைச் சரிபார்ப்பது. அதை குக்கம்பரிலிருந்து எடுத்து, சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) படித்து வரிசைக்கு ஒரு டெஸ்ட் ஓட்டும் ஜேயூனிட் (ஜாவாவின் டெஸ்ட் கருவி) சோதனையாக மாற்றினோம். சிஎஸ்வியை அவரே பராமரிக்கிறார்.

## செப்டம்பர் 22-உம் அதன் பிறகும்

21-ஆம் தேதி இரவு எல்லாக் காட்சிகளும் பச்சை. 22, திங்கட்கிழமை காலை ஓட்டியபோது சில சிவப்பு. கோடில் யாரும் எதையும் தொடவில்லை.

"வழக்கமான பில்" என்ற இயல்பு மதிப்பில் தேதி "இன்று" என்று இருந்ததுதான் காரணம். தேதியைச் சொல்லாத காட்சிகள் அதுவரை பழைய விகிதத்தில் ஓடின. நள்ளிரவு தாண்டியதும் மென்பொருள் சரியாகவே புது விகிதத்துக்கு மாறியது, காட்சிகள் பழையதையே எதிர்பார்த்தன. தொகையைக் காட்டும் காட்சிகள் மட்டும் உடைந்தன என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் காரணம் புரிந்தது. இயல்பு பில்லுக்கு நிலையான ஒரு தேதி கொடுத்து, டெஸ்ட் ஓடும்போது மென்பொருளின் கடிகாரத்தையும் அந்தத் தேதியில் நிறுத்தினார்கள். தேதி விதியைச் சோதிக்கும் காட்சிகள் தங்கள் தேதியைத் தாங்களே சொல்ல வேண்டும் என்றும் வைத்தோம்.

நெடுவரிசைகளை ஒளித்துவைப்பதற்குக் கொடுக்கும் விலை இது, இதை மறைக்க வேண்டியதில்லை. பத்தொன்பது நெடுவரிசை அட்டவணையில் தேதி கண்ணுக்குத் தெரிந்தது. அதை ஒளித்தபோது, காட்சியின் முடிவை மாற்றக்கூடிய ஒன்றையும் சேர்த்தே ஒளித்துவிட்டோம். நாங்கள் வைத்த கேள்வியை அன்றைய நிலையை மட்டும் வைத்துக் கேட்டிருந்தோம். ஆகஸ்டில் கேட்டால், தேதியை மாற்றினால் முடிவு மாறாது என்றுதான் பதில் வரும். வரி, வட்டி, சலுகை போலத் தேதியோடு மாறும் எதிலும் தேதி ஒரு தேவையான நெடுவரிசைதான், இன்றைக்கு அதனால் எந்த வித்தியாசமும் தெரியாவிட்டாலும்.

வாடிக்கையாளர் பக்கம் மாற்றம் சுமுகமாகவே நடந்தது. அக்டோபரில் பழைய சரக்கு திரும்பியபோது கிரெடிட் நோட்டுகள் பழைய விகிதத்தில் வந்தன. பைசாத் திருத்தத்தைப் பொருள்வாரியாகச் செய்வது என்று பொறுப்பாளர் முடிவு செய்து இரண்டு பகுதிகளையும் ஒன்றாக்கினார். எதிர்பார்க்கும் தொகைகளை எக்ஸெலில் அவரே கணக்கிட்டுத் தந்தார். மென்பொருள் காட்டிய எண்ணை அட்டவணையில் ஒட்டும் வழக்கம் அன்றோடு நின்றது. ஃபீச்சர் ஃபைல்களை அவர் மறுபடி படிக்கிறார். கிரெடிட் நோட் காட்சிகளில் இரண்டு அவர் தாமே எழுதியவை.

## மறுபடி செய்தால் மாற்றுவது

நல் மதிப்பையும் தெரியாத தலைப்பையும் தடுக்கும் கோடை வேலையின் முதல் நாளிலேயே போடுவேன். நாங்கள் அட்டவணைகளைச் சுருக்கத் தொடங்கி ஒரு வாரம் கழித்துத்தான் அதைச் செய்தோம். முதலில் போட்டிருந்தால் எந்தெந்தச் சோதனைகள் நிஜத்தில் ஓடவே இல்லை என்ற முழுப் பட்டியல் கையில் இருந்திருக்கும், எதை முதலில் திருத்துவது என்பதில் அவ்வளவு வாதம் நடந்திருக்காது.

இயல்பு மதிப்புகளைப் பொறுப்பாளரிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுவேன். அவை கோடுக்குள் இருந்ததால் அவர் கண்ணில் படவே இல்லை. "இன்று" என்ற சொல்லைப் பார்த்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விற்பனைப் பக்கத்துக் காட்சிகள் மட்டுமே இப்படித் திருத்தப்பட்டன. கொள்முதல் பக்கத்தில் பழைய நீண்ட அட்டவணைகள் இன்னும் இருக்கின்றன, அங்கே கண்டிப்பான சரிபார்ப்பு தற்காலிகமாக அணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு விதி மாறி அந்த ஃபைலைத் தொட வேண்டி வரும்போது அதை மாற்றுவது, அதுவரை அதன் பச்சையை ஆதாரமாகக் காட்டிப் புகார்களை மூடுவதில்லை என்று அணி ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்தெந்த ஃபைல்கள் அப்படி என்ற பட்டியல் சப்போர்ட் பார்ப்பவர்களின் கையிலும் இருக்கிறது.